லைனில் மூன்றாவது ஆள்

கான்பாளையம், மதுரை
4.3.2007

அன்புள்ள பாபுவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். நீயும் பிருந்தாவும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்குச் சளி விட்டதா?

உன் சிநேகிதன் ராஜகுரு ஆறு மாத லீவில் வந்தவன், நீ கொடுத்தனுப்பிய லேப்டாப்பை நேற்று வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான். பிரித்து, ஆன் செய்து, மேலே இருக்கிற குட்டிக் கண்ணைக் காட்டி, "இதுதாம்மா கேமரா. இனிமே பாபுவ நேர்ல பாக்குற மாதிரியே பேசலாம்" என்றான். பேசலாம்தான், நெட் வந்தால். வரவில்லை. போன தடவை நீ வந்தபோது கீழே ஹாலில் இருக்கிற மோடத்திலிருந்து மாடி அறைக் கம்ப்யூட்டருக்கு ஒயரே இழுக்காமல் நெட் கொடுத்துவிட்டுப் போனாயே, அது நன்றாகத்தான் ஓடுகிறது. புதியதில் 'கனகா' என்று நீ வைத்த பெயர் தெரிகிறது. தொட்டால் சாவி கேட்கிறது. என் பெயருக்குள் நுழைய என்னிடமே சாவி கேட்கிறது, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை எல்லாம் இணைத்துக் கொடுத்தவளுக்கு வீட்டில் மணி அடித்தாலே எரிச்சல் வருகிறது. நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து நமக்குள் ஒப்பந்தம் அதுதானே, எதுவானாலும் கடிதம். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்கிறேன். ஒன்று மட்டும் சொல். புதியதுக்கு மாற்றினால் பழையதில் இருப்பது போய்விடுமா? போய்விடும் என்றால் எனக்குப் புதியது வேண்டவே வேண்டாம்.

வீட்டு வரி கட்டிவிட்டேன். ரசீது உன் பெயருக்குத்தான் வருகிறது. நீ மேல்படிப்புக்குப் போகும்போது விசாவுக்குச் சொத்துக் காட்ட வேண்டும் என்று, என் பெயரில் இருந்த வீட்டை உனக்கு எழுதிவைத்தோமே, அது அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரர் அமெரிக்காவில் ஜம்மென்று இருக்கிறார், குடியிருக்கிறவள் வரி கட்டுகிறாள். வாடகை கேட்டு ஆள் அனுப்பிவிடாதே அப்பா.

பிருந்தாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
அம்மா


எடிசன், நியூ ஜெர்சி
17.3.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம். பிருந்தாவுக்குச் சளி போய்விட்டது, எனக்கு வந்துவிட்டது.

அந்தச் சாவி எனக்கும் தெரியாதும்மா. கம்ப்யூட்டரே தானாகப் போட்டுக்கொண்ட நீளமான எழுத்துக் குவியல் அது, மனுஷன் ஞாபகம் வைக்க முடியாது. ஆனால் பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதனிடமிருந்து வாங்கிப் புதியதுக்குக் கொடுக்கப் போகிறாய், அவ்வளவுதான்.

பழையதில் கண்ட்ரோல் பேனலைத் திற. வயர்லெஸ் நெட்வொர்க் செட்டப் விசார்டு என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால், புதிதாக நெட்வொர்க் போடுகிறாயா, இருப்பதில் இன்னொரு கம்ப்யூட்டரைச் சேர்க்கிறாயா என்று கேட்கும். சேர்ப்பது என்று சொல். லேப்டாப் பையின் பக்கவாட்டில் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன், அதைச் செருகச் சொல்லும்போது செருகு. செட்டிங்ஸ் எல்லாம் அதில் ஏறிவிடும். அதைக் கொண்டுபோய்ப் புதியதில் செருகினால், சேர்க்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல். பிறகு பென் டிரைவை மறுபடி பழையதில் செருகி, கடைசி வரை முடித்துவிடு. பயப்படாதே, பழையதில் இருப்பது எங்கேயும் போகாது. இது நகல்தான். பழையது எப்போதும் போல அப்படியே இருக்கும்.

முக்கியமாக ஒன்று. வேலை முடிந்ததும் பென் டிரைவில் இருப்பதை அழித்துவிடு. வேறு யார் கையிலாவது கிடைத்தால், நமக்குத் தெரியாமலே நம் வீட்டு நெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

லேப்டாப்பில் என்ன சௌகரியம் என்றால், ஒயர் இல்லாததால் கையில் தூக்கிக்கொண்டே நடக்கலாம். எனக்கு நம் வீட்டைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறதும்மா. உனக்கு ஞாயிறு காலையாக இருக்கும்போது எங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலிலிருந்து மொட்டை மாடி வரை ஒரு மூலை விடாமல் சுற்றிக் காட்டு.

உன் அன்பு மகன்
பாபு


கான்பாளையம், மதுரை
9.4.2007

அன்புள்ள பாபுவுக்கு,

ஆசீர்வாதம். நேற்று உன்னைப் பார்த்ததிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. இளைத்துவிட்டாய். பிருந்தாவிடம் சொல்லாதே, மாமியார் குறை சொல்கிறாள் என்பாள்.

செட்டிங்ஸ் மாற்றிய கதையைக் கேள். என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த மாயக்காள் துணைக்கு வந்திருந்தாள். துணைக்கு என்றால், நான் செய்வதைப் பார்த்துச் சிரிப்பதற்கு. புதியதைக் கீழே ஹாலில் வைத்திருந்தேன், பழையது மாடியில். பென் டிரைவைக் கையில் வைத்திருந்தால் எங்காவது வைத்துவிடுவேன் என்று முந்தானையில் முடிந்துகொண்டு படி ஏறி இறங்கினேன். "ஏ கனகா, இம்புட்டுக்காண்டு குச்சிக்குள்ளயா அம்புட்டும் அடங்கிருக்கு?" என்று வாயைப் பிளந்தாள். முதலில் தலைகீழாகச் செருகப் பார்த்தேன். அப்புறம் நீ எழுதியபடியே கேட்டது, சரி என்றேன், 'கனகா' என்னை உள்ளே விட்டுவிட்டது. பழையதிலும் நெட் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொண்டேன். பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் அழித்தும்விட்டேன். எக்ஸ்சேஞ்சுக்காரிக்கு ரகசியம் காக்கச் சொல்லித்தர வேண்டுமா?

வீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது எனக்கு. அப்பா போனபிறகு சில அறைகளுக்குள் நான் போவதே இல்லை. உனக்குக் காட்ட வேண்டும் என்று எல்லாக் கதவையும் திறந்தேன். சமையலறை மேடையைப் புதிதாகப் போட்டதைக் காட்டினேன். மாடிப் படியறையில், "அந்த பீரோவுக்குப் பின்னால என்னம்மா?" என்று நீ கேட்டதால் அந்தச் சுவர் வெடிப்பைக்கூடக் காட்டினேன். உன் அத்தைமார் இத்தனை வருஷமாக வந்து போகிறார்கள், ஒருத்தர் கண்ணிலும் அது படாமல் பீரோவைப் போட்டு மறைத்துவைத்தவள் நான். பெற்ற பிள்ளையிடம் என்ன மறைப்பு என்று லேப்டாப்பை அந்த இடுக்கில் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன்.

ஒரு சின்னக் குறை. வாசலில் நின்று நம் சௌராஷ்டிர பாஷையில் பேச ஆரம்பித்ததும், "தமிழ்லயே சொல்லும்மா" என்றாய். பிருந்தாவுக்கு நம் பாஷை விட்டுப்போச்சு என்றாய். பரமக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கா விட்டுப்போகும்? பிறந்ததிலிருந்து நீயும் நானும் தமிழில் பேசிக்கொண்டதே இல்லை. கடிதத்தில் மட்டும்தான் தமிழ். வீட்டுக்குள் நின்று உன்னோடு தமிழில் பேச, யாரோ விருந்தாளிக்கு வீடு காட்டுகிற மாதிரி கூச்சமாக இருந்தது.

இன்னொன்று. நான் படியறையில் இருந்தபோது உன் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். யார் என்று கேட்டேன், டிவி என்றாய். சரி, டிவியாகவே இருக்கட்டும். பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் பேசுகிற லைனில் நாங்கள் காது கொடுக்க நேர்ந்தால், "ஆபரேட்டர் லைன்ல இருக்கேன்" என்று உடனே குரல் கொடுத்துவிடுவோம். குரல் கொடுக்காமல் கேட்பதைப் போலக் கேவலம் எங்கள் தொழிலில் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளி.

உன்
அம்மா


எடிசன்
20.4.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். கடிதம் கிடைத்தது. முந்தானையில் பென் டிரைவ் முடிந்த கதையைப் படித்துப் பிருந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ கேட்டது டிவிதாம்மா. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், சத்தியமாக. உனக்கு இன்னும் எக்ஸ்சேஞ்சு ஞாபகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கச் சந்து வழியையும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையும், மூடிவைத்த கிணற்றையும் காட்டு. அன்றைக்கு வெளிச்சம் போதவில்லை. கிழக்குச் சுவரை வெளியிலிருந்து காட்டினாலும் நல்லது. சும்மாதான், பார்க்க ஆசை.

இங்கே வந்து ஆறு மாதம் எங்களோடு இரேன். தனியாக அந்தப் பெரிய வீட்டில் கிடந்து படி ஏறிக் கஷ்டப்படுகிறாய் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அன்பு மகன்
பாபு


கான்பாளையம், மதுரை
16.5.2007

பாபுவுக்கு,

நீ கேட்டபடி பின்பக்கச் சந்து வழியையும் தொட்டியையும் கிணற்றையும் கிழக்குச் சுவரையும் போன மாதமே காட்டிவிட்டேன். வெயிலில் நின்று காட்டினேன். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போம்மா" என்றாய், போனேன். அதெல்லாம் யாருக்கு என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

நேற்றுக் காலையில் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறையக் கத்திரிக்காய். "வணக்கம்க்கா. எம் பேரு கருத்தக்கண்ணன், பரவை மார்க்கெட்டுல கமிஷன் மண்டி வச்சிருக்கேன். எம் மவன் செல்வக்குமாரு ஒங்க பாபு தம்பிகூடத்தான் அமெரிக்காவுல வேல பாக்குறான்" என்றார். உன் சிநேகிதனின் அப்பா என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி போட்டேன். கூட ஒருவர் வந்திருந்தார், நல்லகாமன் என்று பெயர், கொத்தனாராம். கொத்தனார் எதற்கு என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. காபியைக் குடித்துக்கொண்டே கருத்தக்கண்ணன் சொன்னார்: "படியறையில ஒரு பீரோ கெடக்காம்லக்கா, அத மட்டும் லேசா நகத்திக்கிறட்டா? பின்னால வெடிப்பு இருக்காம்ல. மேப்பூச்சு மட்டுந்தானா, செவரே விட்டிருக்கான்னு நல்லகாமன் பாத்துச் சொல்லட்டும்."

அந்த வெடிப்பு என்னையும் உன் அப்பாவையும் தவிர யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும், நான் காட்டியதால்.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"மவந்தேன். நீங்க கம்ப்யூட்டர்ல வீட்டச் சுத்திக் காமிச்சீகளாம்ல, பாபு தம்பிக்குப் பக்கத்துல உக்காந்து அம்புட்டையும் பாத்திருக்கான். 'அந்தம்மா ஒண்ணக்கூட மறைக்கலப்பா, நம்பி வாங்கலாம்'னான். அதுக்குப் பெறகுதான அட்வான்ஸ் குடுத்தோம்" என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏக்கா, ஒங்ககிட்ட தம்பி சொல்லலையா?"

அவர் எழுந்து நின்று, "தெரியாம வந்துட்டேன்க்கா, மன்னிச்சிருங்க. நீங்களாக் கூப்புடாம இந்தப் படிய மிதிக்க மாட்டேன். போயிட்டு வாரேன்" என்று அந்தக் கொத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனார். கத்திரிக்காய்ப் பையைக்கூட எடுக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு இல்லாத கூச்சம் அந்த மண்டிக்காரருக்கு இருந்தது.

'தமிழ்லயே சொல்லும்மா.' அது பிருந்தாவுக்காக இல்லை. நம் பாஷை தெரியாத அந்தப் பையனுக்காக. என் வாயிலிருந்து என் பாஷையைப் பிடுங்கி, அவனுக்குப் புரிகிற மாதிரி விவரம் சொல்லவைத்தாய். நானும் சொன்னேன். இந்த மேடை புதுசு, இந்தத் தண்ணீர் கோடையிலும் வற்றாது, இந்த ஜன்னலில் மத்தியானம் காற்று வரும். என் வீட்டுக்கு என்னையே தரகராக்கிவிட்டாய் பாபு. அதுவும் சிரித்த முகத்தோடு, நல்ல புடவை கட்டிக்கொண்டு.

வீட்டை விற்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கத்தியிருப்பேன். இரண்டு மாதம் கடிதம் போடாமல் இருந்திருப்பேன். உன் அப்பா படத்துக்கு முன்னால் நின்று உன்னைத் திட்டியிருப்பேன். அப்புறம், என் பிள்ளைக்கு இல்லாத வீடா என்று நானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட வந்திருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் என்னைச் சுற்றிக்கொண்டு போனாய்.

வயிறு எரிகிறது. இப்படி எழுதக் கூடாது என்று பார்க்கிறேன், ஆனால் எரிகிறது.

வீட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அது உன் பெயரில் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு பதில் போதும். அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமியது யார் என்று உன் கையால் எழுது. சத்தியம் என்று எழுதின அதே கை. நீ அதை மட்டும் எழுதிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் நான் விழுங்கிக்கொள்வேன்.

அம்மா


எடிசன்
3.6.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடவில்லை. நீ நினைப்பது போல் இல்லைம்மா.

இங்கே நாங்கள் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். இந்தச் சமயத்தை விட்டால் கிடைக்காது. அந்த வீட்டை நீயும் தனியாகக் கட்டிக் காக்க முடியாது. நாளைக்கு நீ படியில் விழுந்தால் யார் பார்ப்பது? உனக்காகக் காளவாசல் பக்கம் லிஃப்ட் வைத்த ஒரு ஃபிளாட் பார்த்துவைத்திருக்கிறேன், ராஜகுரு போய்ப் பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்றான். உன் முழங்காலுக்கு அதுதான் சௌகரியம். எல்லாம் முடிந்தபிறகு, ஒரேயடியாக நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன். முதலிலேயே சொன்னால் நீ மனசு கஷ்டப்படுவாய், பிரஷர் ஏறும். உன் நல்லதுக்குத்தான் சொல்லவில்லை. கருத்தக்கண்ணன் அவசரப்பட்டு வந்ததுதான் தப்பு. என்னைக் கேட்காமல் வந்திருக்கிறார்.

பிருந்தா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன்னிடம் சொல்லச் சொல்லி ஆரம்பத்திலேயே சொன்னேனே என்கிறாள். நடந்தது நடந்துவிட்டது, எல்லோருமாக என்னை ஒரு மூலையில் நிறுத்தினால் நான் என்ன செய்வேன்?

அதெல்லாம் இருக்கட்டும். மூன்று ஞாயிறாக நீ ஆன்லைனில் வரவே இல்லை. லேப்டாப்பில் ஏதாவது தகராறா? செட்டிங்ஸ் போயிருந்தால் கவலைப்படாதே, பழையதிலிருந்து பென் டிரைவில் எடுத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். உன் முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.

அன்பு மகன்
பாபு


கான்பாளையம், மதுரை
24.6.2007

வெங்கடேஷ்பாபுவுக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன். லிஃப்ட் இருக்கிறது, என் பிரஷர் இருக்கிறது, கருத்தக்கண்ணன் மேல் தப்பு இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

லேப்டாப்பில் ஒரு தகராறும் இல்லை. நீ கற்றுக்கொடுத்த விசார்டு எப்படிச் சேர்க்கும் என்று தெரிந்தபிறகு எப்படி எடுப்பது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புதியதிலிருந்து 'கனகா'வை எடுத்துவிட்டேன். லேப்டாப்பையும் பென் டிரைவையும் ராஜகுருவிடம் கொடுத்தாயிற்று, வரும்போது கொண்டுவருவான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஃபிளாட் பார்த்தது எனக்கு என்றுகூட அவனிடம் நீ சொல்லவில்லை. அவனைத் திட்டாதே. பழைய கம்ப்யூட்டரை நான் எடுத்துப் போகிறேன், அதில் உன் அப்பாவின் படங்கள் இருக்கின்றன. அதற்கு இனி நெட் தேவை இல்லை. மோடத்தையும் திருப்பிக் கொடுத்து, போனையும் சரண்டர் செய்துவிட்டேன்.

பழையதில் இருப்பது போகாது, அப்படியே இருக்கும் என்று எழுதியிருந்தாய். கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

போன வாரம் கருத்தக்கண்ணனுக்கு நானே ஆள் அனுப்பி, அந்தக் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னேன். வாசலிலேயே நின்றார். "ஒங்க மனசு நோக எனக்கு இந்த வீடு வேணாம்க்கா. அட்வான்ஸத் திருப்பி வாங்கிக்கிறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். வீடு அவன் பேரில் இருக்கிறது, விற்கிறது அவன் இஷ்டம், நீங்கள் வாங்குவதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லி, பீரோவை நகர்த்தி, வெடிப்பைக் காட்டினேன். இந்தத் தடவை யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்து காட்டினேன். மேப்பூச்சுதானாம். நல்லகாமன் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் உறுதியாக இருக்கிறது என்றார். இத்தனை வருஷம் வீணாகப் பயந்திருக்கிறேன்.

நாளை காலி செய்கிறேன். நீ பார்த்த ஃபிளாட்டுக்குப் போகவில்லை. மாயக்காள், "ஏ கனகா, நாஞ் செத்தா போயிட்டேன்? வந்து எங்கூட இருடி" என்று வண்டியோடு வந்து நிற்கிறாள். சாவி ராஜகுரு அம்மாவிடம் இருக்கும். பத்திரத்துக்கு நான் வர வேண்டியது இல்லை என்று விசாரித்துக்கொண்டேன். வரச்சொன்னாலும் வர மாட்டேன்.

பிருந்தாவுக்கு என் ஆசீர்வாதம். என்னிடம் சொல்லச் சொன்னாளே, அதற்காக. அவளிடம் நம் பாஷையில் பேசு, அவளுக்கு மறக்கவில்லை.

வெளியூர் பேச டிரங்க் கால் போட்ட காலத்தில் மூன்று நிமிஷம் முடிந்ததும் நாங்கள் லைனுக்குள் வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்போம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவோம். ஒன்றுமே சொல்லாதவர்களுக்கு இன்னொரு தடவை கேட்போம். டிவி என்று நீ சொன்ன அன்று ஒரு தடவை கேட்டேன். போன கடிதத்தில் இன்னொரு தடவை கேட்டேன்.

லைனை எடுத்துவிட்டேன்.

கனகலட்சுமி